அப்பாவின் சந்தேகத்தில் பாதி நியாயம்

கேள்வி:

ஐயா, வணக்கம். என் அப்பா அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் மொட்டை மாடியில் உட்காரவைத்து எனக்குக் கோள்களைக் காட்டியவர். அவர்தான் இப்போது, புவி வெப்பமயமாதல் என்பதே வெள்ளைக்காரன் கட்டிய கதை என்கிறார். காற்றில் வெறும் 0.04 சதவீதம் இருக்கும் கரியமில வாயு பூமியைச் சூடாக்குமா? பூம்புகாரைக் கடல் கொண்டபோது எந்தக் கார் ஓடியது? 2035-ல் இமயமலைப் பனி தீர்ந்துபோகும் என்று எழுதிவிட்டுப் பிறகு தப்பு என்று ஒத்துக்கொண்டார்களே? வெப்பநிலைக் கணக்கை விஞ்ஞானிகளே திருத்துகிறார்களாமே? வெப்ப உயர்வைக் கட்டுப்படுத்த நாடுகள் 2015-ல் போட்ட பாரீஸ் ஒப்பந்தம் நம் நிலக்கரியை நிறுத்தி நம்மை முன்னேறவிடாமல் செய்யும் சூழ்ச்சிதானே, அது தெரிந்துதானே அமெரிக்காவே வெளியேறியது? இப்படிக் கேட்டுக்கொண்டே போகிறார். அமெரிக்கர் ஒருவரின் பேச்சுக்குத் தமிழில் குரல் கொடுத்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் நாலு முறை போட்டுவிட்டார். அதன் சுட்டியை இணைத்திருக்கிறேன். நானும் சும்மா இருக்கவில்லை. சென்னை வெள்ளம், கஜா புயல் எல்லாமே வெப்பமயமாதலால் வந்ததுதான் என்று பதில் போட்டேன். 'படித்த முட்டாள்' என்றார். நான் விவசாயப் பட்டதாரி. மாடியில் சோலார் போடலாம் என்று சொன்ன அன்று சண்டை முற்றி, மூன்று வாரமாகப் பேச்சு இல்லை. அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்:

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உங்கள் மேல் பரிதாபம் வந்தது. இரண்டாம் தடவை அப்பாவின் கேள்விகளை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். சொன்னால் கோபப்படக் கூடாது, அறிவியல் வாத்தியார் ஒருவர் கேட்க வேண்டிய கேள்விகள்தான் அவை. எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் 'பெரிய பெரிய விஞ்ஞானிகள் சொல்கிறார்கள், நம்புங்கள்' என்பது பதில் ஆகாது. வகுப்பில் ஒரு பையன் அப்படிச் சொல்லியிருந்தால் அவர் பெஞ்சில் ஏற்றியிருப்பார்.

அந்தத் தாளை இரண்டாகக் கிழித்துவிடலாம். பூமி சூடாகிறதா, அதற்குக் காரணம் மனிதனா என்பது ஒரு பாதி. அது வெப்பமானி தீர்க்க வேண்டிய வழக்கு. அதற்காக நாடுகள் போட்டுக்கொண்ட ஒப்பந்தங்கள் யோக்கியமானவையா என்பது மறுபாதி. அது பங்காளிகள் பாகப்பிரிவினை மாதிரி, கள்ளக்கணக்கும் வாக்குத் தவறுதலும் அதில் உண்டு. முதல் பாதியில் உங்கள் அப்பா தவறு. இரண்டாம் பாதியில் அவர் சந்தேகத்துக்கு நிறையவே நியாயம் இருக்கிறது. அந்தக் கோபத்தை எடுத்துவந்து இந்த வெப்பமானியின் மேல் காட்டுகிறார். நீங்களோ மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே தூக்கி வெளியே வீசப் பார்க்கிறீர்கள்.

அவர் கேள்விகளுக்குப் போகுமுன் உங்கள் பக்கத்துக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். 2015 டிசம்பரில் சென்னையில் கொட்டிய மழையை ஆராய்ந்த வானிலை விஞ்ஞானிகள், அதில் புவி வெப்பமயமாதலின் கைரேகையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றே எழுதினார்கள். அந்த வருடம் பசிபிக் கடலில் பலமான எல் நினோ, அதாவது கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் காலம். பெய்த மழை வெள்ளமாக மாறியதற்கு ஏரிக்குள் எழுந்த வீடுகளும், செம்பரம்பாக்கத்தில் தண்ணீரைத் திறந்துவிட்ட விதமும் காரணம் என்று மத்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கையே குறை சொன்னது. கஜா வந்தது 2018 நவம்பரில். 1952 நவம்பரிலும் 1977 நவம்பரிலும் இதே நாகப்பட்டினம் கரையைப் புயல் புரட்டிப் போட்டிருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு 77 நன்றாகவே நினைவிருக்கும். கடல் சூடானால் புயலுக்குத் தீனி கூடும் என்பது சரி. ஒரு குறிப்பிட்ட புயலைக் கையைக் காட்டி 'இது அதனால்தான்' என்று சொல்வதற்குத் தனி ஆய்வு வேண்டும். எல்லாவற்றையும் ஒரே காரணத்தில் கொண்டுபோய்க் கட்டினால், கேட்பவர் எதையும் நம்ப மாட்டார். அவர் 'முட்டாள்' என்றது அதிகம். ஆனால் அந்த இரண்டு உதாரணங்களில் நீங்கள் வழுக்கியது உண்மை. முதலில் அதை ஒத்துக்கொள்ளுங்கள். பேச்சு மறுபடி தொடங்க அது உதவும்.

இனி, திருத்தும் சமாசாரம். இதில் எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு, அதனால் நீட்டித்தான் சொல்வேன்.

வானிலை அலுவலகங்களில் 34 வருடம் வெப்பமானி பார்த்தவன் நான். காலை எட்டரை மணிக்கு வெள்ளைப் பலகைச் சட்டம் அடித்த, வெப்பமானி இருக்கும் ஸ்டீவன்சன் பெட்டியைத் திறந்து, அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் பெட்டியைச் சுற்றி மூன்று பக்கமும் நஞ்சை. இரவில் வயல் ஈரக்காற்று வரும். பத்து வருடத்தில் ஒரு பக்கம் தார்ச்சாலை வந்தது, இன்னொரு பக்கம் இரண்டு மாடிக் கட்டடம் எழுந்தது. குறைந்தபட்ச வெப்பநிலை மெல்ல ஏறத் தொடங்கியது. பெட்டியின் கதவு உடைந்து, மாற்றுக் கதவு வர எட்டு மாதம் ஆன கதையும் உண்டு. அதுவரை சணல் கயிறுதான் தாழ்ப்பாள். கடைசியில் நிலையத்தையே ஊருக்கு வெளியே மாற்றினார்கள். மறுநாள் காலையில் எழுதிய குறைந்தபட்சம் பழைய இடத்தைவிட ஒரு டிகிரிக்கு மேல் கம்மி. ஊர் ஒரே ராத்திரியில் குளிர்ந்துவிட்டதா என்ன? பதிவேட்டின் ஓரத்தில் 'நிலையம் இடம் மாற்றப்பட்டது' என்று தேதி போட்டுக் குறிப்பு எழுதினோம். பின்னால் நூறு வருடக் கணக்கை ஒன்றாகக் கோக்கிறவர், அந்தக் குறிப்பைப் பார்த்து முன்னும் பின்னும் சரிசெய்யத்தான் வேண்டும். சரிசெய்யாமல் விட்டால்தான் அது பொய்க்கணக்கு.

நிலத்தில் நகரங்கள் வளர்ந்ததால் ஏறிய போலிச் சூட்டைக் கழிக்கிறார்கள். கடலில் கதை வேறு. பழைய காலத்தில் கப்பலிலிருந்து வாளியை இறக்கிக் கடல்நீரை மொண்டு, அதில் வெப்பமானியை வைப்பார்கள். கித்தான் துணி வாளிகளும் அதில் உண்டு. ஈரக் கித்தான் மண்பானை மாதிரி. நீர் கசிந்து ஆவியாகி உள்ளே இருப்பதைக் குளிரவைத்துவிடும். ஆகவே பழைய கடல் கணக்கெல்லாம் உண்மையைவிடக் குளிர்ச்சியாகப் பதிவாகியிருக்கிறது. அதைக் கொஞ்சம் மேலே ஏற்றுகிறார்கள். பழையது மேலே போனால், அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் குறையும் இல்லையா? நிலமும் கடலும் சேர்த்து எல்லாத் திருத்தங்களையும் போட்டபின் வரும் நீண்டகால வெப்ப உயர்வு, திருத்தாத கணக்கில் வருவதைவிடக் கொஞ்சம் குறைவு. ஏமாற்ற நினைத்துத் திருத்தியவர்கள் என்றால் இவர்களைவிட அசடுகள் கிடையாது.

இதை நான் சொல்லி அப்பா நம்ப வேண்டாம். ரிச்சர்ட் முல்லர் என்று அமெரிக்காவின் பெர்க்லியில் ஒரு இயற்பியல் பேராசிரியர். உங்கள் அப்பாவுக்கு இருக்கிற இதே சந்தேகம் அவருக்கும் இருந்தது. நகரச் சூடு, இடம் மாறிய நிலையங்கள், இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுத்த தரவு என்று எல்லாவற்றையும் குறை சொன்னார். வெறுமனே சொல்லிக்கொண்டிராமல் ஒரு குழுவைச் சேர்த்து, 30,000-க்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவுகளை முதலிலிருந்து அலசினார். எண்ணெய்த் தொழில் பணக்காரரான சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் அதற்குப் பணம் கொடுத்தது. விடை தங்களுக்குச் சாதகமாக வரும் என்று சந்தேகக்காரர்கள் பலர் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். 2012-ல் முல்லர் சொன்னது: 250 வருடத்தில் நிலப்பரப்பு ஏறத்தாழ ஒன்றரை டிகிரி சூடாகியிருக்கிறது, பழைய கணக்குகள் சரிதான், காரணமும் மனிதன்தான். சந்தேகப்படுவது தப்பே இல்லை. சந்தேகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டார் பாருங்கள், அந்த முல்லரை அப்பாவுக்குப் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

'நம்ம பக்கம் அப்படி ஒன்றும் கூடவில்லையே' என்றும் அவர் சொல்லக்கூடும். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. இந்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரை நம் நாட்டின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரிதான் உயர்ந்திருக்கிறது. உலகச் சராசரியைவிட இது குறைவு. வானத்தை மறைக்கும் தூசும் புகையும், பரந்த பாசனமும் நம்மைக் கொஞ்சம் மறைத்து வைத்திருக்கின்றன. புகை நல்லது என்று அர்த்தமில்லை, அது நுரையீரலுக்குள் போகிற புகை.

0.04 சதவீதத்துக்கு வருகிறேன். இதை அப்பாவே கையால் போட்டுப் பார்க்கட்டும். சூரியனிலிருந்து சதுர மீட்டருக்கு 1,361 வாட். அதில் 30 சதவீதத்தைப் பூமி அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது. உருண்டைக்காக நான்கால் வகுக்க வேண்டும். மிச்சம் சுமார் 238 வாட். எவ்வளவு சூட்டில் ஒரு பொருள் எவ்வளவு கதிரை வெளியே விடும் என்று சொல்லும் ஸ்டீபன்-போல்ட்ஸ்மன் விதியில் போட்டால் 255 கெல்வின் வரும், அதாவது மைனஸ் 18 டிகிரி. நிஜத்தில் பூமியின் சராசரி 15 டிகிரிக்குப் பக்கம். அந்த 33 டிகிரி எங்கிருந்து வந்தது? காற்றில் 99 சதவீதம் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் பூமி வெளியே விடும் வெப்பக் கதிரைத் தடுப்பதில்லை. அந்தக் கதிருக்கு அவை திறந்த ஜன்னல். மிச்சமிருக்கும் நீராவி, கரியமில வாயு, மீத்தேன் போன்ற கொஞ்சம்தான் கதவை மூடுகிறது. நீராவி மழையாக இறங்கிவிடும், சில நாளுக்கு மேல் நிற்காது. கரியமில வாயு நிற்கும். 1896-லேயே ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வான்டே அர்ரீனியஸ், அது இரட்டிப்பானால் எத்தனை டிகிரி ஏறும் என்று பென்சிலால் கணக்குப் போட்டார். 5, 6 டிகிரி என்று வந்தது. இன்றைய கணக்கு சுமார் 3. அவர் காலத்தில் எந்தக் காலநிலை மாநாடும் கிடையாது, யாருடைய முன்னேற்றத்தைத் தடுக்கவும் அவர் அதைப் போடவில்லை.

அந்த வாயு கூடியது நம்மால்தானா என்பதற்கும் சாட்சி காற்றிலேயே இருக்கிறது. 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிகாப் பனியில் சிக்கிய பழைய காற்றுக் குமிழிகளைப் பார்த்தால், தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 280. எட்டு லட்சம் வருடத்தில் ஒரு தடவைகூட அது 300-ஐத் தாண்டி மேலே போனதில்லை. நிலக்கரி என்பது கோடிக்கணக்கான வருடம் மண்ணில் கிடந்த மரம். கார்பனில் எடை வேறுபட்ட வகைகள் உண்டு. நிலக்கரியில் கார்பன்-14 முழுக்கச் சிதைந்து போயிருக்கும், கார்பன்-13 குறைவு. காற்றில் சேர்ந்திருக்கும் கூடுதல் கார்பனிலும் அதே அடையாளம். சூரியன்தான் காரணம் என்றால் காற்று மண்டலம் மேலே கீழே எல்லாமே சூடாக வேண்டும். கீழே சூடாகி, மேலே அடுக்கு மண்டலம் குளிர்ந்துகொண்டு வருகிறது. போர்வையைப் போர்த்தினால்தான் அப்படி ஆகும்.

பூம்புகார் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. பூம்புகாருக்கு வெகு முன்பே, கடந்த பனியுகம் முடிந்தபோது உலகக் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்கு ஏறியது. கார் இல்லை, ஆலை இல்லை. பூமியின் சுற்றுப்பாதை மெல்ல அசைந்ததில் தொடங்கிய மாற்றம் அது. கோடையில் கிணறு வற்றுவது தொன்றுதொட்டு நடப்பதுதான். அதனால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் 800 அடிக்குப் போர் போட்டது நம் கிணற்றை வற்றவைக்கவே முடியாது என்று ஆகிவிடுமா? பனியுகத்திலிருந்து மீள உலகம் 5, 6 டிகிரி ஏற ஏறத்தாழ 10,000 வருடம் பிடித்தது. இப்போது ஒரு டிகிரிக்கு மேல் ஏற 150 வருடம் போதுமானதாக இருந்திருக்கிறது.

இமயமலை விஷயத்தில் அப்பா சொல்வது முழுக்கச் சரி. 2007-ல் ஐ.நா.வின் காலநிலைக் குழு வெளியிட்ட அறிக்கையில், 2035-க்குள் இமயப் பனியாறுகள் காணாமல் போகலாம் என்று ஒரு பத்தி இருந்தது. ஆய்வுக் கட்டுரை எதிலிருந்தும் வந்ததல்ல, பத்திரிகைப் பேட்டி ஒன்றிலிருந்து கைமாறிக் கைமாறி உள்ளே நுழைந்த ஆண்டு அது. 2009-ல் நம் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற வி.கே. ரெய்னா அதற்கு மாறான அறிக்கை எழுதினார். அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை வெளியிட்டார். ஐ.நா. குழுவின் தலைவர் ராஜேந்திர பச்சௌரி, அவரும் இந்தியர்தான், அதை மாந்திரீக அறிவியல் என்று ஏளனம் செய்தார். 2010 ஜனவரியில் ஐ.நா. குழு வருத்தம் தெரிவித்தது. அமைச்சர் சொன்னது சரி, தலைவரின் ஆணவம் தப்பு. எனக்கு இன்றைக்கும் அந்தப் பேச்சு உறுத்துகிறது, கேள்வி கேட்டவரைக் கேலி செய்வது எங்கள் தொழிலுக்கு அழகில்லை. ஆனால் பனி உருகவில்லை என்று ஆகிவிடவில்லை. வெப்ப உயர்வை ஒன்றரை டிகிரியில் நிறுத்தினால்கூட இந்த நூற்றாண்டு முடிவதற்குள் இந்துகுஷ்-இமயப் பனியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பது 2019-ல் வந்த விரிவான மதிப்பீடு. ஆண்டில்தான் பிழை, போக்கில் இல்லை.

அடுத்த பாதி, ஒப்பந்தங்கள்.

வீடியோவைப் பார்த்தேன். தமிழ்க் குரலுக்கு அடியில் ஆங்கிலம் லேசாகக் கேட்கிறது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், அப்பாவையும் கேட்கச் சொல்லுங்கள். மேலே ஓடும் தமிழ், 'இந்தியாவை முடக்குகிறார்கள்' என்கிறது. அடியில் ஓடும் ஆங்கிலம், 'இந்தியாவையும் சீனாவையும் சும்மா விட்டுவிட்டு அமெரிக்காவை முடக்குகிறார்கள்' என்று புலம்புகிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்?

இது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1997 ஜூலையில், பாரீஸுக்கு முந்தைய காலநிலை ஒப்பந்தமான கியோட்டோ கையெழுத்தாகும் முன்பே, வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு விதிக்காத எந்த ஒப்பந்தத்திலும் சேரக் கூடாது என்று அமெரிக்கச் செனட் 95-க்கு 0 என்று தீர்மானம் போட்டது. அந்த 'வளரும் நாடு' யார்? நாம்தான். 2017 ஜூன் 1 அன்று பாரீஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக டிரம்ப் அறிவித்த பேச்சிலும், இந்தியா நிலக்கரி உற்பத்தியை இரட்டிப்பாக்க விடுகிறார்கள் என்பது ஒரு குற்றச்சாட்டு. அந்த ஊரில் நம் மேல் தொடுத்த வழக்கை, நம் குடும்பக் குழுவில் நாமே நமக்காகப் பேசும் வழக்கு என்று நினைத்துப் பகிர்ந்துகொண்டிருக்கிறோம். அப்பாவிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், இதைச் சொல்லுங்கள். வெள்ளைக்காரன் கட்டிய கதை என்று அவர் சொல்வது நிஜமாகவே பொருந்துவது இந்த வீடியோவுக்குத்தான்.

பாரீஸ் ஒப்பந்தம் நம் நிலக்கரியை நிறுத்திவிட்டதா? ஒப்பந்தம் வந்த 2015-16-ல் நாம் வெட்டியெடுத்தது சுமார் 64 கோடி டன். 2024-25-ல் 100 கோடி டன்னைத் தாண்டிவிட்டோம். அந்த ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே எழுதிக்கொள்கிறது. முன்னேற்றத்தைக் கணக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். தவறினால் அபராதம் கிடையாது. 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் நிலக்கரியைப் 'படிப்படியாக நிறுத்துவது' என்றிருந்த வரியைக் கடைசி மணித்துளிகளில் 'படிப்படியாகக் குறைப்பது' என்று மாற்றவைத்தவர்கள் நாமே. மின்நிலையத் திறனில் பாதி, நிலக்கரி-எரிவாயு அல்லாததாக 2030-க்குள் இருக்க வேண்டும் என்பது நம் இலக்கு. 2025-லேயே எட்டிவிட்டோம். உடனே துள்ளிக் குதிக்காதீர்கள், அது திறன் கணக்கு. உண்மையில் ஓடும் மின்சாரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் இன்னும் நிலக்கரிதான்.

சரி, அப்பாவின் சந்தேகத்தில் நியாயம் எங்கே? தொழிற்புரட்சி முதல் இதுவரை வானத்தில் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறத்தாழ கால்பங்கு அமெரிக்காவினுடையது. இந்தியாவின் பங்கு 3, 4 சதவீதம். இன்றைக்கு மொத்த அளவில் நாம் மூன்றாம் இடத்தில் இருந்தாலும், தலைக்கு என்று பார்த்தால் வருடத்துக்கு 2 டன். அமெரிக்கருக்கு 14. 1990-ஐ ஒட்டி ஒரு அமெரிக்க ஆய்வு நிறுவனம் இந்தியாவை முன்னணிக் குற்றவாளிகள் வரிசையில் நிறுத்தியபோது, 1991-ல் டெல்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் சூடாகப் பதில் எழுதினார்கள். சாப்பாட்டுக்காக நெல் விளைவிக்கும் வயலிலிருந்து வரும் மீத்தேனையும், உல்லாசத்துக்காக ஓட்டும் காரின் புகையையும் எப்படி ஒரே தராசில் வைக்கலாம் என்பது அவர்கள் கேள்வி. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் இருவரும் பூமி சூடாகவில்லை என்று சொல்லவில்லை, கவனியுங்கள். சூடாகிறது, பில்லை எங்கள் தலையில் கட்டாதே என்றார்கள். உங்கள் அப்பா உட்கார வேண்டிய இடம் அந்தத் திண்ணைதான், தப்பான திண்ணையில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

வாக்குத் தவறிய கதையும் பெரிது. காலநிலைச் செலவுக்காக வளரும் நாடுகளுக்கு 2020-க்குள் வருடத்துக்கு 10,000 கோடி டாலர் தருவோம் என்று பணக்கார நாடுகள் 2009-ல் கோபன்ஹேகன் மாநாட்டில் சொன்னார்கள். அவர்கள் கணக்குப்படியே அது எட்டியது 2022-ல். அதிலும் பெரும்பங்கு கடன். 2024-ல் பாகூ மாநாட்டில் வளரும் நாடுகள் வருடத்துக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. 2035-க்குள் 30,000 கோடி என்று அவசரமாகச் சுத்தியலைத் தட்டி முடித்தார்கள். இந்தியப் பிரதிநிதி அந்த அரங்கிலேயே எழுந்து எதிர்த்தார். கியோட்டோவில் அமெரிக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு உள்நாட்டில் அதை அங்கீகரிக்கவில்லை. கனடா 2011-ல் விலகிக்கொண்டது. பாரீஸிலிருந்து அமெரிக்கா ஒரு முறை வெளியே போய், 2021-ல் திரும்ப வந்து, 2025 ஜனவரியில் மறுபடி வெளியேற ஆணை போட்டது. இவ்வளவையும் பார்த்துவிட்டு ஒருவருக்குச் சந்தேகம் வரவில்லை என்றால்தான் ஆச்சரியம். ஐரோப்பா இரும்பு, சிமென்ட் போன்ற இறக்குமதிப் பொருள்களுக்குக் கார்பன் கட்டணம் கொண்டுவந்திருப்பதையும் அப்பா சொல்லலாம். அது பாரீஸ் ஒப்பந்தம் அல்ல, ஐரோப்பாவின் சொந்தச் சட்டம். நம் அரசும் அதை எதிர்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் ஒப்பந்தங்களால் பிரயோசனமே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். கொஞ்சம் உண்டு. 2015-ல் இருந்த போக்கில் போயிருந்தால் இந்த நூற்றாண்டு முடிவில் ஏறத்தாழ 4 டிகிரி ஏறியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். இன்றைய கொள்கைகளோடு அது 3-ஐ ஒட்டி நிற்கிறது. அந்த ஒரு டிகிரி ஒப்பந்தத்தால் மட்டும் குறைந்ததல்ல, சோலார் தகடு மலிவானதும் சேர்ந்தது. ஓசோன் ஓட்டைக்காக 1987-ல் போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஓசோன் அடுக்கு மெல்லத் தேறி வருகிறது. அதில் ஏழை நாடுகளுக்கு அவகாசமும் பணமும் சேர்த்தே கொடுத்தார்கள். கொடுத்ததால்தான் நடந்தது என்பது என் கருத்து.

இனி வீட்டுக்கு வருவோம். 'புரியவைப்பது' என்று எழுதியிருக்கிறீர்கள். வாத்தியாருக்குப் புரியவைக்கிறேன் என்று கிளம்பினால் தோற்றுத்தான் வருவீர்கள். குடும்பக் குழுவில் பதிலுக்குப் பதில் போடுவதை நிறுத்துங்கள். சித்தப்பா, பெரியம்மா எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த மனிதனும் நிலையை மாற்றிக்கொள்ள மாட்டான். தனியாக உட்கார்ந்து சென்னை வெள்ளம் பற்றி எழுதியதில் தவறிவிட்டேன் என்று சொல்லுங்கள். பிறகு அந்த 255 கெல்வின் கணக்கில் உங்களுக்குச் சந்தேகம் இருப்பதாகச் சொல்லி அவரிடமே தாளைக் கொடுங்கள். நடிப்பு என்று நினைக்காதீர்கள். நான்கால் ஏன் வகுக்கிறோம் என்று உங்களுக்கே நிச்சயமாகத் தெரியுமா? ஒரு கேள்வியை மட்டும் மெதுவாகக் கேட்டுவையுங்கள்: 'என்ன பார்த்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் அப்பா?' அதே கேள்விக்கு உங்கள் பதிலும் தயாராக இருக்கட்டும், திருப்பிக் கேட்பார்.

அப்புறம் சோலார். அதைப் புவி வெப்பத்தோடு முடிச்சுப் போட்டதே நீங்கள் செய்த பெரிய தப்பு. ஒரு வீட்டு மாடியில் போடும் மூன்று கிலோவாட் உலகத்தின் சூட்டை மாற்றாது, அது அவருக்கும் தெரியும். அதை வெறும் வரவுசெலவாகப் பேசுங்கள். மூன்று கிலோவாட் போட்டால் மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை ஏற்கெனவே இலவசம் என்பதால், உங்கள் வீட்டுச் செலவு 200 யூனிட்டுக்குள் என்றால் போட்ட பணம் திரும்ப ரொம்ப நாளாகும். அப்படி இருந்தால் அப்பா சொல்வதுதான் சரி, போட வேண்டாம். 500-ஐத் தாண்டுகிறது என்றால் கதை வேறு. ஒரு வருடத்துக் கரண்ட் பில்லை வரிசையாக வைத்து அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். பழைய பில்கள் எங்கே இருக்கின்றன என்று அம்மாவிடம் கேளுங்கள். அநேகமாக அரிசி டின்னுக்குப் பின்னால் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார்கள்.